நடுநிலை என்றால் தீர்ப்பு சொல்லக் கூடாதா?

வணக்கம். எங்கள் பெரியப்பா மகன்கள் இருவருக்கும் ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் முறை. போன மாதம் மூத்தவர் தம்பியின் முறையிலும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். தகராறாகி என்னைக் கூப்பிட்டார்கள். விசாரித்துவிட்டு, மூத்தவர் தன் முறையில் இரண்டு நாளைத் தம்பிக்கு விட வேண்டும் என்றேன். "நடுநிலையாப் பேசுவேன்னு கூப்பிட்டா அவன் பக்கம் சாஞ்சுட்டியே" என்கிறார். ஒருவர் பக்கம் தீர்ப்பு சொன்னால் நடுநிலை போய்விடுமா? நடுநிலை, நியாயம், பாரபட்சமின்மை எல்லாம் ஒன்றுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போகாது. பட்டிமன்ற நடுவர் கடைசியில் "இரண்டு அணி சொன்னதும் சரிதான்" என்று முடித்துவிட்டு எழுந்து போனால் கூட்டம் எப்படி முணுமுணுக்கும் என்று பார்த்திருப்பீர்கள். 'நடுவர்' என்ற பேரிலேயே நடு இருக்கிறது, ஆனாலும் அவரிடம் நாம் கேட்பது தீர்ப்பைத்தான்.

குறளில் 12வது அதிகாரம் நடுவு நிலைமை. அதில் 118வது குறள், 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று தொடங்கும். இதற்குப் பரிமேலழகர் சொல்லும் உரையில் ஒரு வரிசை இருக்கிறது: துலாக்கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது, பிறகு தன்மேல் வைத்த பாரத்தை வரையறுத்துக் காட்டுகிறது. தட்டு காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் அது கோட்டம், அதாவது கோணல். பாரம் வைத்த பிறகும் அசையாமல் நேராகவே நிற்கும் தராசை யார் கடையில் வைத்துக்கொள்வார்கள்?

அதே உரையில் இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பகை, நொதுமல், நண்பு என்ற மூன்று பகுதியினரிடமும் அறத்தில் வழுவாமல் ஒப்ப நிற்பதுதான் நடுவு நிலைமை என்கிறார். நொதுமல் என்றால் பகையும் இல்லை, நட்பும் இல்லை, யாரோ ஒரு அயலான். இன்றைக்கு நாம் நடுநிலை என்று சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த நொதுமலைத்தான், அதாவது எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கி நிற்பதை. போரில் சேராத நாடு நடுநிலை நாடு, அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் நடுநிலையாக்கல் என்றெல்லாம் படித்து வளர்ந்ததால் வந்த பழக்கமோ என்னவோ. செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்து இந்த அதிகாரம் ஏன் வந்தது என்பதற்கும் காரணம் சொல்கிறார்: நமக்கு நன்றி செய்தவரை நினைத்தால் நடுவு சிதையும், அங்கேயும் அது சிதையக் கூடாது என்பதற்காக. உங்கள் மூத்த அண்ணன் எப்போதாவது உங்கள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ உதவியிருந்தால் அந்தக் கோபத்துக்கு அர்த்தம் புரிகிறது.

எல்லாம் ஒன்றா என்றால், இல்லை. ஊரில் யாரும் 'பாரபட்சமின்மை' என்று பேசுவதில்லை (உங்கள் அண்ணன் நடுநிலை என்றதே ஆச்சரியம்தான், டிவி விவாதம் நிறையப் பார்ப்பார் போல). பந்தியில் தெரிந்தவர் இலைக்கு மட்டும் இரண்டாவது வடை விழுந்தால் அது ஓரவஞ்சனை. வீட்டில் என்றால் ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. தப்பைச் சொல்ல நமக்குச் சொல் தாராளம், சரியாக நடந்ததைச் சொல்ல வந்தால் அதே சொல்லோடு 'இல்லாமல்' சேர்த்துச் சமாளித்துவிடுவோம். ஊர்ப் பஞ்சாயத்தில் 'பொதுவாப் பேசு' என்பார்கள், நடுநிலைக்கு அதுதான் கிட்ட வரும். நியாயம் வேறு ரகம், அதை ஆளாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 'அவன் நியாயம் அவனுக்கு' என்று சொல்கிறோம், 'அவன் நடுநிலை அவனுக்கு' என்று சொல்ல முடியுமா? மினிஸ்டர் பதவிப் பிரமாணத்தில் வரும் 'ஒருதலைச் சார்பு' இன்னொன்று. 119வது குறளிலும் 'ஒருதலையா' வருகிறதே என்று குழம்ப வேண்டாம், அங்கே அதற்கு உறுதியாக என்று பொருள்.

உங்கள் வழக்கில் பொருந்தும் சொல் நீங்களே எழுதியிருக்கும் 'முறை'தான். வாய்க்கால் தண்ணீருக்கும் முறை, அரசன் வழங்கும் நீதிக்கும் முறை. அதனால் அண்ணன் கோபத்தை விடுங்கள், எனக்கு வேறொரு சந்தேகம். ஒரு நாள் முறைக்கு ஏன் இரண்டு நாள் விடச் சொன்னீர்கள்? ஒன்று ஈடு, இன்னொன்று அபராதமா? அபராதம் என்றால் அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், முறையை நாள் கணக்கில் வைத்திருக்கிறார்களா, மும்முனை கரண்ட் இருந்த நேரக் கணக்கிலா? தம்பியின் நாளில் பாதி நேரம் கரண்டே இல்லாமல் போயிருந்தால் அவர் இழந்தது அரை நாள்தான். இதை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.