கிராம சபைத் தீர்மானத்தின் ஹேஷ் ஒத்துவரவில்லை என்ற கேள்விக்கு

பிளாக்செயினில் (பதிந்ததைப் பிறகு யாரும் எளிதில் மாற்ற முடியாத டிஜிட்டல் பதிவேடு) தப்பில்லை, நீங்கள் ஒப்பிடும் ஃபைல்தான் வேறு. மேலூர் பக்கத்து ஊராட்சியின் அக்டோபர் 2 தீர்மானத்தை அதில் பதிந்தபோது வந்த 64 எழுத்து ஷா-256 ஹேஷ் (ஃபைலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற குறி) வேறு, இப்போது வருவது வேறு என்கிறீர்கள். ஒரு வரிகூட மாறவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஹேஷ் பார்ப்பது நாம் படிக்கிற வாசகத்தை அல்ல, ஃபைலின் பைட்டுகளை, அதாவது கம்ப்யூட்டரில் அது சேமிக்கப்பட்டிருக்கும் எண்களை.

பெரும்பாலும் யாராவது பிடிஎஃப்பைத் திறந்து திரும்ப சேவ் செய்திருப்பார்கள், இல்லை பிரின்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் போட்டிருப்பார்கள். உள்ளே பதிந்திருக்கும் திருத்திய நேரம் மாறினாலே போதும், ஹேஷ் அடியோடு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் கெடாது. போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். அதை வைத்துப் பார்த்துப் பயனில்லை.

பதிந்த கம்ப்யூட்டரிலேயே அசல் ஃபைலைத் தேடுங்கள். செவன்-ஜிப் என்ற சாஃப்ட்வேர் இருந்தால், ஃபைலைத் திறக்காமல் ரைட் கிளிக் செய்து ஷா-256 எடுத்து, பதிந்த ஹேஷோடு ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஆனால் ஹேஷ் பொருந்தினால், ஃபைல் மாறவில்லை என்று மட்டுமே அர்த்தம். 200 மீட்டர் போட்ட சிமென்ட் ரோட்டை 300 என்று எழுதிப் பதிந்திருந்தால், அந்தப் பொய்யும் பத்திரமாக இருக்கும். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் எம்-புக் (வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேட்டு வாங்கி, டேப்போடு போய் அளந்து பார்க்க வேண்டும்.