பைக்கில் காய்ந்த பூச்சிக் கறை

கேள்வி: இரவு முழுக்க பைக் ஓட்டி வந்தேன். ஹெட்லைட், முன் மட்கார்டு, டேங்க் எல்லாம் பூச்சி அடித்துக் காய்ந்துவிட்டது. துணியால் துடைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், உலர்ந்த துணியால் தேய்ப்பதை நிறுத்துங்கள். காய்ந்த பூச்சியின் ஓடு, கூடவே ஒட்டியிருக்கும் தூசி இரண்டும் பெயின்ட்டைக் கீறும். என் முதல் வண்டியின் டேங்கில் அப்படி விழுந்த மெல்லிய கீறல்கள் வெயிலில் பார்த்தால் இன்றும் தெரியும்.

ஊறவைப்பதுதான் பாதி வேலை. இன்ஜின் நன்றாக ஆறியதும் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மைக்ரோஃபைபர் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கறைமேல் 10 நிமிடம் அப்படியே போர்த்தி வையுங்கள். துணியை எடுத்துப் பாருங்கள்: மஞ்சள் பொருக்கு உப்பி, ஓரம் கிளம்பியிருக்கும். விரல் நுனியால் துணியோடு வழித்தாலே வந்துவிடும். வராத இடத்தில் மறுபடி ஊறவையுங்கள், அழுத்தாதீர்கள். அப்புறம் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் நாரும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். ஹெட்லைட் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், பெட்ரோல் பட்டால் மங்கலாம், வெடிப்பும் விடலாம்.

பூச்சிச் சாறு வெயிலில் காயக்காய மேல்பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். அதனால் வீடு வந்த அன்றே கழுவிவிடுங்கள். பளபளப்பான பெயின்ட் என்றால் பயணத்துக்கு முன் வாக்ஸ் பூசுங்கள், அடுத்த முறை கறை சுலபமாகக் கழன்றுவரும். மேட் பெயின்ட்டுக்கு மட்டும் பாலிஷ், வாக்ஸ் கூடாது.