கட்டியை எடுக்காமல் விட்டால் என்ன?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. அடிக்கடி வயிற்றுவலி வந்ததால் பலதுறை மருந்தகத்தில் காட்டினோம். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறவியிலேயே பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) விரிந்து நீர்க்கட்டி போல இருப்பதாகவும், பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் அதை அகற்றிவிட வேண்டும் என்றும் மருத்துவர் கூறுகிறார். என் மாமியாரோ, தஞ்சாவூரிலுள்ள தம் அண்ணன் மகளுக்கு 40 ஆண்டுகளுக்கு முன் இதே கோளாறு வந்தபோது, கட்டியை எடுக்காமல் குடலோடு இணைத்துத் தைத்ததே போதுமானதாக இருந்தது என்கிறார். சின்னப் பிள்ளைக்குப் புற்றுநோய் வருமா? அவள் வளரும்வரை பொறுத்திருக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வரலாம், ஆனால் உங்கள் மகளின் வயதில் அது மிக மிக அரிது. ஜப்பானில் 3 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இத்தகைய பித்தநாளத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்ட செய்தி 2009இல் மருத்துவ இதழில் வெளியானது. தனியொரு குழந்தையின் கதை இதழில் இடம்பெறுகிறது என்றாலே அது எவ்வளவு அரிது என்பது விளங்கும். முதல் பத்து வயதுக்குள் இந்த அபாயம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கட்டியோடே வளர்ந்து 20 வயதைக் கடந்தவர்களிடம் அது 10 விழுக்காட்டைத் தாண்டியதாகப் பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, வளரும்வரை பொறுப்பது என்பது அபாயம் குறைவாக உள்ள காலத்தைக் கழித்துவிட்டு, கூடுதலான காலத்துக்குள் நுழைவதாகும்.

காரணம் கட்டியின் பருமனில் இல்லை. நாளங்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. இயல்பாகப் பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலின் சுவருக்குள் ஒன்றுசேரும். அங்குள்ள வளையத் தசை இரு நீர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் காக்கும். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அவை அந்தத் தசையின் பிடிக்கு எட்டாமல் முன்கூட்டியே சேர்ந்துவிடுகின்றன. கணையத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், உணவைச் செரிக்க வேண்டிய கணையநீர் பித்தநாளத்துக்குள் ஏறி, அதன் உட்சுவரை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. புண்ணாவதும் ஆறுவதுமாக இருக்கும் அந்தச் சுவரின் உயிரணுக்கள்தாம் மெல்ல மெல்லத் திரிந்து புற்றாகின்றன.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யன்று. முற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பித்தம் வடிந்து வலியும் மஞ்சள்காமாலையும் தீர்ந்தன. ஆனால் கட்டியின் சுவர் உள்ளேயே இருந்தது. அவ்வாறு விடப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்ததைக் கண்ட பிறகே அம்முறை கைவிடப்பட்டது. இன்று விரிந்த நாளத்தையும் பித்தப்பையையும் அகற்றி, கல்லீரலிலிருந்து வரும் நாளத்தைச் சிறுகுடலின் ஒரு வளைவோடு நேரே இணைக்கிறார்கள். பித்தப்பை இல்லாமலும் குழந்தை வழக்கம்போல் உண்டு வளர்வாள்.

அதனால் அபாயம் வெகுவாகக் குறையும், முற்றிலும் அற்றுப்போகாது. கல்லீரல் பக்கமும் கணையத்துக்குள்ளும் எஞ்சும் நாளத்தில், 10, 20 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் வந்ததுண்டு. எனவே இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். சிறார் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும் வயதில்தான் பலர் இதைக் கைவிடுகிறார்கள். படிப்பு, வேலை என்று ஆளே நலமாகத் திரியும்போது யாருக்குத்தான் நினைவிருக்கும்? அறுவை அறிக்கையையும் திசுப் பரிசோதனை முடிவையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். குளிர்சுரமோ கண் மஞ்சளோ வந்தால், பழைய அறுவையைச் சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

உண்மையில், உங்கள் மகளைவிடத் தஞ்சாவூரில் இருப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கட்டி எடுக்கப்படாமலே நடுவயதை எட்டியிருக்கிறார். தொந்தரவு இல்லாவிட்டாலும், ஈரல், பித்தநாள அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்து எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துக்கொள்ளும்படி உங்கள் மாமியாரையே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள்.