எல்விஸ் பிரெஸ்லிதான் ராக் அண்ட் ரோல் இசையை உருவாக்கினாரா?

இல்லை. எல்விஸ் தன் முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டை, அமெரிக்காவின் மெம்பிஸில் பதிவு செய்தது 1954 ஜூலையில். அந்தப் பாட்டே ஆர்தர் கிரூடப் என்ற கறுப்பினக் கலைஞர் 1946இல் பாடிப் பதிவு செய்ததுதான். எல்விஸைப் பதிவு செய்த அதே சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோவில், 1951இலேயே ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' வாசித்துவிட்டது. வரும் வழியில் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட, ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரத்த சத்தத்தை இன்றைக்கும் கிட்டார்காரர்கள் காசு கொடுத்துப் பெடல் என்ற மிதிகருவியை வாங்கி வரவழைக்கிறோம்.

எல்விஸ் வீடியோ ஒன்றின் கீழே ஆளாளுக்கு 'கிங்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்விஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர் குரல் எனக்கும் பிடிக்கும். இந்த இசையைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உருவாக்கியது யார் என்று கேட்டதால்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு பெயர் சொல் என்றால், கிட்டார் வாசித்து நற்செய்திப் பாட்டுப் பாடிய கறுப்பினப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்பேன்.

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவள் நான். எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவான கொயரில், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுவேன். கல்லூரியில் படிக்கும்போது எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொண்டேன். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் வாசிக்கட்டுமா என்று கொயர் மாஸ்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் உலகப் பாட்டுக்குள்ளதும்மா. கோயிலுக்குள்ள வேண்டாம். அதுவும் பொம்பளப்பிள்ளை கையில..." என்றார். "ஐயா, 150ஆம் சங்கீதத்தில் யாழ், தம்புரு, கைத்தாளம் எல்லாம் இருக்கே" என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. மறுவருடம் அதே ஆராதனையில் ஒரு பையன் பேஸ் கிட்டார் வாசித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு தோழி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்ட ஒரு பழைய ஸ்டேஷன். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒரு பிளாட்பாரத்தை மேடையாக்கி, எதிர் பிளாட்பாரத்தில் ஜனங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். மழை. தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், வயது ஐம்பதை நெருங்குகிறது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வெள்ளை நிற கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, நோவா காலத்து மழையைப் பற்றிய நற்செய்திப் பாட்டை எடுத்துவிடுகிறார். பாடுகிற வரி முடியும் இடத்தில் கிட்டார் பதில் சொல்கிறது. நடுவில் தனியாக வாசிக்கும்போது, ராக் கிட்டார் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது முழுசாக அங்கே இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதன்பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அவர் 1915இல் அர்கான்சாவின் காட்டன் பிளான்டில் பிறந்தவர். அம்மா மாண்டலின் வாசித்துப் பிரசங்கம் செய்யும் சபை ஊழியக்காரி. கருவி வாசிப்பதைத் தடுக்காத, ஊக்கப்படுத்திய பெந்தெகோஸ்தே சபை அவர்களுடையது. சிறு வயதிலேயே மகளின் கையில் கிட்டார். 1938இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடினார், அதே வருடம் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியிலும் மேடையேறினார். சபையாருக்கு அது பொறுக்கவில்லை. 1944இல் பூகி-வூகி என்ற துள்ளல் தாளப் பியானோவோடு பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' அடுத்த வருடம் கறுப்பினத்தவர் இசைக்கென்று பில்போர்டு பத்திரிகை வெளியிட்ட பிரபலப் பாட்டுப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கனில் ஒரு சிறுவன் பாடியதைக் கேட்டுத் தன் மேடையில் ஏற்றினார். அவன்தான் பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட்.

கறுப்பினத்தவரின் புளூஸ் இசையை விட்டுவிட்டாயே, பாடகர் லூயிஸ் ஜோர்டான் எங்கே, நியூ ஆர்லியன்ஸின் ஃபேட்ஸ் டாமினோ எங்கே என்று கேட்க ஆட்கள் வருவார்கள். சரிதான், எல்லாம் சேர்ந்ததுதான். வெள்ளையர்களின் கிராமியப் பாட்டுக்கும் பங்குண்டு. சக் பெர்ரியின் 1955 'மேபெலின்' அப்படியொரு பழைய நாட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் என்பது தனி அநியாயம். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரை முன்னால் நிறுத்திப் பாடியவர்களில் தார்ப் மிக முந்தியவர். அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

    

இந்த இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு 1986இல் முதல் தடவை கௌரவித்தவர்களில் எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் மூவரும் உண்டு. தார்ப்புக்கு அது கிடைத்தது 2018இல். அவர் 1973இலேயே இறந்துவிட்டார். முதலில் அந்த 1944 பாட்டைக் கேளுங்கள், நடுவில் வரும் கிட்டாரைக் கவனியுங்கள். அப்புறம் எல்விஸின் 1954 பாட்டைப் போடுங்கள்.