ஐபி கிடைக்காத பழைய தின் கிளையண்ட், ஐபி கிடைத்தும் பூட் ஆகாத புதிய தின் கிளையண்ட்

கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்: "எல்டிஎஸ்பி (கணினிகளை நெட்வொர்க் வழியே பூட் செய்ய உதவும் மென்பொருள்) நிறுவிய ஒரே சர்வரிலிருந்து எங்கள் தின் கிளையண்ட்கள் (சர்வரை நம்பி இயங்கும் சிறு கணினிகள்) பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி இயங்கின. விடுமுறையில் பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய வகை) பொருத்தினோம். சில புதிய தின் கிளையண்ட்களும் வாங்கினோம். இப்போது காலையில் மெயினைப் போட்டதும் பழையவற்றில் பல, பிஎக்ஸ்இ-இ51 என்ற செய்தியுடன் நின்றுவிடுகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் சில பூட் ஆகின்றன. புதியவற்றில் ஐபி முகவரி கிடைக்கிறது, கோப்பு இறங்கிவிட்டதாகவும் திரையில் வருகிறது. உடனே பூட் பட்டியலுக்கே திரும்பிவிடுகின்றன. சர்வரை மறுபடி முழுவதுமாக நிறுவ வேண்டுமா?"

வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரே கோளாறு அல்ல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டுக்கும் சர்வர் மறுநிறுவல் தீர்வாகாது; இன்று ஓடிக்கொண்டிருப்பவையும் அதனால் நின்றுபோகக்கூடும்.

நெட்வொர்க் பூட் என்பது வரிசையாக நடக்கும் வேலை. நெட்வொர்க் கார்டில் உள்ள பிஎக்ஸ்இ ரோம் (நெட்வொர்க் வழியே பூட் செய்யும் சிறு நிரல்) முதலில் முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கிறது. எந்த சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுப்பது என்பதை அதே பதிலிலிருந்தோ, முகவரியை ரவுட்டர் தரும் இடங்களில் எல்டிஎஸ்பி சர்வரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் தனியாக அனுப்பும் ப்ராக்ஸி டிஎச்சிபி பதிலிலிருந்தோ (இதில் முகவரி இருக்காது, பூட் விவரம் மட்டும் இருக்கும்) அறிகிறது. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இறக்கி இயக்குகிறது. அப்படி இறங்கும் ஐபிஎக்ஸ்இ என்ற பூட் நிரல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியையும் கொண்டுவருகிறது. அவை இயங்கத் தொடங்கிய பிறகே என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக முழு இயங்குதளமும் கிடைக்கிறது. ஆகவே எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையிலிருந்து எழுதிக்கொள்ளாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

பழைய இயந்திரங்களை முதலில் பார்ப்போம். இ51 என்றால் டிஎச்சிபி பதில் எதுவுமே வந்துசேரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் செய்தால் சில பூட் ஆகின்றன என்பதால் டிஎச்சிபி சேவை வேலை செய்கிறது என்பது உறுதி. கேள்வி அதைச் சென்றடையவில்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை. இவ்விடத்தில் நான் முதலில் சந்தேகிப்பது புதிய ஸ்விட்சின் ஸ்பேனிங் ட்ரீயைத்தான்; தகவல் சுற்றிச் சுற்றி வரும் வளைய இணைப்புகளைத் தடுக்கும் வசதி அது. ஒரு போர்ட்டில் இணைப்பு வந்ததும் அங்கே வளையம் ஏதும் உருவாகிறதா என்று பார்ப்பதற்காக, ஸ்விட்ச் 15 நொடி கேட்பு நிலையிலும் மேலும் 15 நொடி கற்றல் நிலையிலும் அந்தப் போர்ட்டை வைத்திருக்கும். இந்த 30 நொடிகளில் கணினி அனுப்பும் எந்தத் தகவலும் கடந்து போகாது. இதன் வேகமான வகையான ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ என்று மாற்றினாலும், எட்ஜ் போர்ட் (கணினி மட்டும் இணையும் போர்ட்) என்று அறிவிக்காதவரை தின் கிளையண்ட் உள்ள போர்ட்டில் இதே தாமதம் நீடிக்கக்கூடும். இன்டெல் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறை 4, 8, 16, 32 நொடிகள் என நான்கு முறை பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னாலும், எல்லா ரோம்களும் அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. ரீஸ்டார்ட்டின்போது சில கார்டுகள் இணைப்பை விடாமல் பிடித்திருப்பதால், ஏற்கெனவே திறந்திருக்கும் போர்ட் வழியே கேள்வி போய்விடுகிறது. இரண்டாம் முறை பூட் ஆவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. நீங்கள் கழற்றி வைத்த பழைய ஸ்விட்ச் சாதாரண அன்மேனேஜ்டு வகை என்றால், அதை ஒரு தின் கிளையண்டுக்கும் புதிய ஸ்விட்சுக்கும் இடையில் பொருத்தி, ஒரு நிமிடம் விட்டு தின் கிளையண்டை மட்டும் அணைத்துப் போடுங்கள். புதிய ஸ்விட்சின் போர்ட் இப்போது இணைப்பை இழப்பதே இல்லை. எனவே முதல் முயற்சியிலேயே பூட் ஆனால் காரணம் தெளிவாகிவிடும். தீர்வு, தின் கிளையண்ட்கள் செருகப்பட்ட போர்ட்களை மட்டும் எட்ஜ் போர்ட் என அமைப்பது. சிஸ்கோ ஸ்விட்ச்களில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான போர்ட்களில் இதைச் செய்யாதீர்கள். ஸ்பேனிங் ட்ரீயை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுவதும் தவறு: மாணவர் ஒருவர் கேபிளின் இரு முனைகளையும் சுவரிலுள்ள இரு சாக்கெட்களில் செருகினால் ஆய்வகம் முழுவதும் முடங்கிவிடும்.

இதோடு மின்சாரத்தையும் கவனியுங்கள். காலையில் ஒரே மெயினில் எல்லாம் போடப்பட்டால், மேனேஜ்டு ஸ்விட்சும் சர்வரும் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் தின் கிளையண்ட்கள் கேட்டு அலுத்து நின்றுவிடும். ஸ்விட்சையும் சர்வரையும் யுபிஎஸ்ஸில் தனியே வைத்து, அவை முழுமையாக இயங்கத் தொடங்கிய பின் மற்றவற்றைப் போடும் வழக்கம் வேண்டும்.

இனி புதியவை. கோப்பு இறங்கியும் இயங்காமல் திரும்புவது, இறங்கிய கோப்பு அந்த இயந்திரத்துக்கு உரியதல்ல என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. பழையவை பயாஸ் என்ற பழைய தொடக்க முறையிலும் புதியவை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலும் பூட் ஆகின்றன; முன்னதற்கு ஐபிஎக்ஸ்இயின் அன்டிஒன்லி கோப்பும் பின்னதற்கு எஸ்என்பிஒன்லி கோப்பும் தர வேண்டும். எந்த வகை இயந்திரம் கேட்கிறது என்பதை டிஎச்சிபி கேள்வியிலுள்ள 93ஆம் ஆப்ஷன் (எண்ணிட்ட கூடுதல் விவரம்) சொல்கிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. எல்டிஎஸ்பி தானாக உருவாக்கும் டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பு இதைப் பார்த்தே கோப்பைப் பிரித்துத் தருகிறது. ஆனால் ரவுட்டரில் யாராவது 67ஆம் ஆப்ஷனில் ஒரே கோப்புப் பெயரைக் கையால் எழுதி வைத்திருந்தால், புதிய இயந்திரங்களும் பயாஸ் கோப்பையே பெறக்கூடும். 66 (சர்வர் பெயர்), 67 (கோப்புப் பெயர்) ஆகிய இரு ஆப்ஷன்களையும் ரவுட்டரிலிருந்து நீக்கிவிட்டு, அந்த வேலையை டிஎன்எஸ்மாஸ்க்கிடமே விடுங்கள். யூஇஎஃப்ஐ இயந்திரங்கள் பல, இறக்கும் கோப்பின் அளவைத் திரையில் காட்டும்; அதை சர்வரில் உள்ள இரு கோப்புகளின் அளவோடு ஒப்பிட்டால், எது போனது என்பது உடனே தெரிந்துவிடும்.

சரியான கோப்பே போயிருந்தால் அடுத்த சந்தேகம் செக்யூர் பூட். கையொப்பமிடப்படாத ஐபிஎக்ஸ்இ கோப்பை அது இயங்கவிடாது. சில இயந்திரங்கள் காரணத்தைச் சொல்லும், சில மௌனமாகப் பட்டியலுக்குத் திரும்பும். ஆய்வகத்துக்குள் மட்டும் பயன்படும் தின் கிளையண்ட் என்றால், நிர்வாகத்தின் ஒப்புதலோடு செக்யூர் பூட்டை அணைப்பதே நேரான வழி. புதியவற்றை லெகசி (பயாஸ்) முறைக்கு மாற்றிச் சமாளிக்கும் யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய வன்பொருளில் அந்த வசதியே மறைந்து வருகிறது.

இவ்விரண்டையும் சரிசெய்த பின்பும் ஓரிரு இயந்திரங்கள் நின்றால், அவை காட்டும் குறியீட்டைப் பாருங்கள். இ61 என்றால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். இ53 என்றால் முகவரி கிடைத்தும் கோப்புப் பெயர் வரவில்லை; டிஎன்எஸ்மாஸ்க் நின்றிருக்கலாம், அல்லது ப்ராக்ஸி பதில் தடைபட்டிருக்கலாம். இ32 என்றால் டிஎஃப்டிபி பதில் வரவில்லை. இங்கே ஃபயர்வாலில் டிஎஃப்டிபிக்கான 69ஆம் போர்ட்டை (இது மென்பொருள் வாயில் எண், ஸ்விட்சின் போர்ட் அல்ல) திறப்பது மட்டும் போதாமல் போகலாம், ஏனெனில் கோப்பு வேறொரு போர்ட்டிலிருந்தே அனுப்பப்படுகிறது. கெர்னல் வந்த பிறகு நின்றால் பிஎக்ஸ்இயை விட்டுவிட்டு என்எஃப்எஸ்ஸையும், சர்வரில் கெர்னலைப் புதுப்பித்த பின் எல்டிஎஸ்பியின் இமேஜும் (தின் கிளையண்ட்களுக்கான இயங்குதளப் பிரதி) கெர்னல் நகலும் மறுபடி உருவாக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள்.

எந்தக் குறியீடும் வழிகாட்டாவிட்டால் சர்வரில் டிசிபிடம்ப் என்ற நெட்வொர்க் பதிவு நிரலை ஓடவிட்டு, 67, 68, 69, 4011 ஆகிய போர்ட்களின் போக்குவரத்தைப் பதிவுசெய்துகொண்டே ஒரே ஒரு தின் கிளையண்டைப் போடுங்கள். கேள்வியே வரவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. கேள்வி வந்தும் பதில் போகவில்லை என்றால் சர்வரில் இருக்கிறது. பதில் போயிருந்தும் தின் கிளையண்ட் வேறு வலையமைப்பின் முகவரியைக் காட்டினால், கட்டடத்தில் யாரோ செருகிய வைஃபை ரவுட்டர் ஒன்று முந்திக்கொண்டு முகவரி தருகிறது. காட்டும் முகவரியின் முதல் மூன்று எண் தொகுதிகளை வைத்து அந்த ரவுட்டரைத் தேடிப் பிடித்து அகற்றுங்கள்.