வாசகர் கேள்வி: முப்பது கிராம் கூடியும் சமநிலை ஏன்?

கேள்வி: தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் (அகன்ற வாயுள்ள நன்னீர் மீன்) என்ற சாதனையை இருவர் பகிர்ந்துகொள்வது எப்படி?

பதில்: 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் ஏறத்தாழ 10.09 கிலோ எடையுள்ளது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததோ 10.12 கிலோ. எனினும், இந்த எடைப் பிரிவில் பழைய சாதனையை முறியடிக்கப் புதிய மீன் குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம், கூடுதலாக இருக்க வேண்டும் என்று சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் விதித்திருப்பதால், அது சமநிலையாகவே ஏற்கப்பட்டது. பெர்ரியின் குடும்பம் அம்மீனைச் சமைத்து உண்டுவிட்டது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவருக்கு அதைவிட இயல்பான மகிழ்ச்சி வேறில்லை என்பேன்.