கல்லாப்பெட்டிக்காரர் பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரிவி லைசன்ஸ் பற்றியவை. பிரிட்டனில் ரிவி பார்க்க வீட்டுக்கு வீடு வருடாவருடம் கட்டுகிற, பிபிசிக்குப் போகிற கட்டணம்தான் அது. கிழக்கு லண்டனில் தபால் கந்தோர் கவுண்டரோடு சேர்த்துக் கடை நடத்தியவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. சரி, மற்றவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்தியத் தமிழ்ச் சானல்கள்தான். பிபிசி பக்கம் ஒருவரும் போவதில்லை. பிறகு எதற்கு லைசன்ஸ்? (ஒரு வாசகி, ஹரோ)

எந்தச் சானல் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. எப்போது பார்க்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறது. பொங்கல் பட்டிமன்றத்தைச் சென்னையில் ஓடும் அதே நேரத்தில் இங்கே பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். பெட்டியில் பார்த்தாலும் போனில் பார்த்தாலும் ஒன்றுதான். அதே பட்டிமன்றத்தை மறுநாள் யூடியூபில் போட்டுப் பார்த்தால் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கும் வேண்டாம். பிபிசியின் இணைய ரிவியான ஐபிளேயர் மட்டும் அப்படியில்லை. 2016 செப்டம்பரிலிருந்து அதில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் லைசன்ஸ் கட்டாயம்.

ஆக, நாடகங்களை ஆறுதலாகப் பிறகு பார்க்கிற வீடு என்றால், எங்களுக்குத் தேவையில்லை என்று லைசன்ஸ்காரர்களுடைய இணையத்தளத்தில் பதிந்துவிடலாம். கிரிக்கெட் என்று வந்தால் உங்கள் வீட்டுக்காரர் மறுநாள் வரை பொறுப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கவுண்டரில் நின்ற காலத்தில் லைசன்ஸ் கட்ட வந்த சனம் என்ன சொல்லும்? (எஸ். கே., இல்ஃபோர்ட்)

நேரில் வந்து கட்டுகிறவர்கள் 2006 வரை தபால் கந்தோருக்குத்தான் வந்தார்கள். பிறகு அந்த வேலை, கடைகளில் பில் கட்டுகிற பேபொயின்ட் மெஷினுக்குப் போனது. அந்த மெஷினும் என் கடையில்தான் இருந்தது, அதனால் நான் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த ஒரு அம்மா வெள்ளிக்கிழமைகளில் வருவார். பாணும் பாலும் வாங்கிய மிச்சச் சில்லறைக்கு லைசன்ஸ் சேமிப்பு ஸ்டாம்ப் வாங்கி, அட்டையில் அங்கேயே நாக்கால் நனைத்து ஒட்டுவார். ஒட்டின பிறகு உள்ளங்கையால் ஒரு அழுத்து. ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அடுத்து நிற்பவர் கால்பந்து பார்க்க சட்டலைட் கம்பனிக்கு மாதாமாதம் காசு அழுகிற மனிதர். லைசன்ஸ் கடிதத்தை மேசையில் அடித்து, "இது பகல் கொள்ளை" என்பார். மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் சட்டலைட்டுக்குத்தான் பல மடங்கு போகும். சொன்னால் கோபம் வரும், நான் சொல்வதில்லை.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: தொகை அந்தச் சட்டலைட் மனிதரை உறுத்தவில்லை. 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண் ஆனது. நாளுக்கு ஐம்பது பென்ஸ் கூட வராது. சட்டலைட் பிடிக்காவிட்டால் ஒரு போன் அடித்து நிறுத்தலாம். இதை நிறுத்திவிட்டுச் சும்மா ரிவி பார்த்தால் கோர்ட்டுக் கடிதம். அந்தக் 'கட்டாயம்'தான் அவருக்குத் தொண்டையில் முள். ஆனால் 2022இல் மகாராணியார் காலமானபோது இதே மனிதர் எந்தச் சானலில் ஊர்வலம் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்?

என் மனக்குறை வேறு. மேஃபேர் மாளிகைக்கும் ஒற்றை அறை வாடகைக்காரருக்கும் ஒரே தொகை. அது நியாயமில்லை. அதைவிட மோசம், கட்டாமல் பார்ப்பது குற்றவியல் வழக்கு என்பது. 1,000 பவுண் வரை அபராதம். வழக்குகள் பெரும்பாலும் ஒரே ஒரு மாஜிஸ்திரேட் மேசையில் காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கிறவை, நேரில் நின்று பேச ஆளிருக்காது. தண்டிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெண்கள்தான் அதிகம் ஏய்க்கிறார்கள் என்றில்லை. பகலில் கதவைத் திறக்கிறவர்கள் அவர்கள். தண்ணீர் பில் பாக்கிக்கு யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை, இதற்கு மட்டும் என்ன?

லைசன்ஸ் ஆட்கள் வந்து கதவைத் தட்டினால் உள்ளே விடத்தான் வேண்டுமா? யார் ரிவி பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேன் ஒன்று சுற்றுகிறது என்றும் பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். (ஆர். என்., குரொய்டன்)

கோர்ட்டின் தேடுதல் ஆணை இல்லாமல் உள்ளே வர அவர்களுக்கு உரிமை இல்லை. "இல்லை, நன்றி" என்று கதவைச் சாத்தலாம். கோபப்பட வேண்டியதில்லை, அவர்களும் சம்பளத்துக்கு நடக்கிறவர்கள்தான். லைசன்ஸ் தேவைப்படுகிற வீடு என்றால் கட்டிவிடுங்கள், வாசலில் நின்று பொய் சொல்லிக் கையெழுத்து வைக்காதீர்கள். கையெழுத்துத்தான் பிறகு சாட்சி. வேன்கள் 1952இலிருந்து ஓடுகின்றன. அது எதைக் கண்டுபிடித்ததோ, பயத்தை நன்றாகப் பரப்பியது.

அம்மாவுக்கு 78 வயது. முதியவர்களுக்கு இலவசம் என்று சொன்னார்களே, இப்போது இல்லையா? (ஒரு மகள், ஹேய்ஸ்)

2000ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து 75 வயது தாண்டியவர்கள் எல்லாருக்கும் இலவசமாக இருந்தது. செலவை அரசாங்கம் ஏற்றது. பிறகு அந்தச் சுமையை பிபிசியின் தலையில் இறக்கினார்கள். 2020 ஓகஸ்டிலிருந்து பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரச உதவி) எடுக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஆனது. எனவே முதலில் அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் கிடைக்குமா என்று பாருங்கள். அவர் உங்களோடு இருந்தாலும் உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அரச உதவி எடுக்க முடியாத விசாவில் வந்தவர் என்றால் மட்டும் கை வைக்காதீர்கள். கிடைத்தால் லைசன்ஸை அம்மாவின் பெயரில் போடுங்கள், அந்த வீடு முழுவதற்கும் செல்லும்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பிபிசியின் தமிழோசை கேட்டவர்கள் நாங்கள். அதற்கு யார் காசு கொடுத்தது? (வி. த., ஈஸ்ட் ஹாம்)

நல்ல கேள்வி. இரவு 9.15க்கு அந்தக் குரலுக்காகத் தெருவே காத்திருக்கும். 1941 மே மாதம் தொடங்கிய பிபிசி தமிழ்ச் சேவைக்கு, உலக சேவையின் மற்ற மொழிகளைப் போலவே, பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம்தான் பணம் கொடுத்து வந்தது. வரிப்பணம், லைசன்ஸ் காசு இல்லை. 2014 ஏப்ரலில்தான் உலக சேவையின் செலவு லைசன்ஸ் காசுக்கு மாறியது. நீங்கள் டைனமோ சுற்றிய காலத்தில் அந்தத் துப்புரவு அம்மாவின் ஸ்டாம்பு உங்கள் ரேடியோவுக்கு வரவில்லை. லைசன்ஸ் காசு கடைசி மூன்று வருடம் மட்டும் வந்தது. 2017 ஏப்ரல் முடிவில் தமிழோசை வானொலி ஒலிபரப்பு நின்றது. இணையத்தில் தமிழ்ச் சேவை தொடர்கிறது.

நான் லைசன்ஸை முழுக்க எதிர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். விளம்பரம் கிடைக்காத மொழிக்கும் ஊருக்கும் யாராவது பொதுக் காசு போட வேண்டியிருக்கிறது.

சுவிஸில் இருக்கும் அக்கா, அங்கே சனமே வாக்குப் போட்டு "கட்டுகிறோம்" என்றது என்கிறா. நம்பலாமா? (பி. எம்., வெம்பிளி)

நம்பலாம். 2018 மார்ச் 4இல் கட்டணத்தையே ஒழிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். 71.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்போது வருடத்துக்கு 451 பிராங்க், நம்முடைய தொகையைவிட மிக அதிகம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமாஞ்ச் என்று நாலு மொழி நாடு அது. காசு நின்றால் சின்ன மொழிகளின் நிகழ்ச்சிகள் முதலில் போகும் என்ற பயம் நன்றாக வேலை செய்தது. அடுத்த வருடமே தொகையை 365 ஆகக் குறைத்தார்கள், பிறகு 335. கேட்டு வாங்கும்போது சனம் தருகிறது பாருங்கள். பிரான்ஸ் 2022இல் இந்தக் கட்டணத்தை எடுத்தேவிட்டது. ஜெர்மனியில் ரிவி இருக்கிறதோ இல்லையோ 2013இலிருந்து வீட்டுக்கு வீடு கட்ட வேண்டும். கதவு தட்டும் வேலையாவது மிச்சம்.

இங்கே பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அதன் சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால் உள்ளூராட்சி வாங்குகிற வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸோடு சேர்த்து, வீட்டின் மதிப்புக்கு ஏற்ப வாங்கட்டும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

கறுப்பு வெள்ளை ரிவிக்குக் குறைவாமே? (டி. எஸ்., சவுத்தோல்)

ஆம், 58.50 பவுண் (2025 ஏப்ரல் கணக்கு). இன்னும் சில ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். பரணில் தேடிப் பாருங்கள்.

மகன் முதல் முறையாகப் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறான். அவன் அறைக்குத் தனி லைசன்ஸா? (ஒரு தகப்பன், ஸ்லவ்)

உங்கள் வீட்டில் லைசன்ஸ் இருந்தால், சொந்த பேட்டரியில் ஓடும் போனிலோ லப்டொப்பிலோ அவன் பார்க்கலாம். சார்ஜரைச் சுவரில் செருகிக்கொண்டு பார்த்தால் தனி லைசன்ஸ் வேண்டும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. பார்க்கிறதை முடித்துவிட்டுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.